மூன்று நாள் மெல்லினம்

வெள்ளவத்தையில் மழை, புதுக்கடையில் குளிரூட்டி.
இரண்டுக்கும் நடுவில் நூறாம் நம்பர் பஸ்ஸில்
யாரோ என் பிடரியில் தும்மினார்கள்.
புதன் காலை வாயைத் திறந்தால்
மெல்லினம் ஆறும் போயிருந்தன.

ஙகரத்தை யார் தேடப்போகிறார்கள்,
மகரம் இல்லாமல் எப்படி?
ம என்றால் ப வந்து நின்றது.
ந என்றால் த.
வாடகைக்கு வந்தவன் வீட்டுக்காரன் ஆனதுபோல்
ஒவ்வொன்றின் இடத்திலும் அதனதன் இன எழுத்து.

நான் நீதிமன்ற உரைபெயர்ப்பாளர்.
என் சம்பளம் மூக்கிலும் இருக்கிறது என்று
பதினொரு வருடமாகத் தெரியாது.

பார்மசியில் ரிஸ்மினா சின்னப் போத்தல் ஒன்றை வைத்தாள்.
“அண்ணாந்து பார்க்காதீங்க, கொஞ்சம் குனியுங்க.
வலது மூக்குக்கு இடது கை.
நடுச்சுவரில அடிக்காம காதுப்பக்கம் சரிச்சு.
உறிஞ்சி இழுக்காதீங்க, மெதுவா.”
பிறகு பெட்டியில் பேனையால் பெரிதாக 3 என்று எழுதினாள்.
“மூணு நாள்தான். அதுக்கு மேல போனா
இதே மருந்து மூக்கை அடைக்கும்.
பிறகு உப்புத்தண்ணி ஸ்பிரே மட்டும்.”

வெள்ளிக்கிழமை, மூன்றாம் நாள்.
மிச்சம் பிடிக்கும் புத்தியில் காலையில் அடிக்கவில்லை.
சாட்சிக் கூண்டில் கொட்டாஞ்சேனை மனோன்மணி.
கூப்பிடும்போதே படோட்படி ஆனாள்.

சட்டத்தரணி சிங்களத்தில் கேட்டார்.
தமிழில் நான் கேட்டேன்:
இந்தக் கையெழுத்து உங்களுடையதா?
“இல்லை” என்றாள்.
தமிழ் இல்லையில் மூக்குக்கு வேலை இல்லை,
நாக்கு நுனி போதும்.
சிங்களத்தில் அது ‘நெஹெ’.
தொடக்கமே மூக்கு.

“தெஹெ” என்றேன்.
நீதிபதியின் பேனை நின்றது.
“தெஹெ.”
இலிகிதர் கோப்பைத் தூக்கி முகத்தை மறைத்தார்.

அங்கே நின்றபடி கணக்குப் பார்த்தேன்:
இந்தத் தடிமனோடு
தமிழில் எனக்கு ‘ஓம்’ சொல்ல வராது.
சிங்களத்தில் ‘இல்லை’ சொல்ல வராது.
வேறொரு நாள் என்றால் சிரித்திருப்பேன்.

மனோன்மணிக்குச் சந்தைச் சிங்களம் தெரியும்,
இந்தச் சிங்களம் தெரியாது.
ஆனாலும் தன் இல்லை
வழியில் எங்கோ மாட்டிக்கொண்டதைக் கண்டுவிட்டாள்.
என் வாயையே பார்த்தாள்.

ஐந்து நிமிடம் தந்தார்கள்.
கழிவறையில் ஒழுகும் குழாய், பாதிக் கண்ணாடி.
குனிந்து, இடது கை, காதுப்பக்கம்.
தொண்டையில் கசப்பு இறங்கியது.
ஊசிமுனையளவு காற்று,
பிறகு ஒரு ஜன்னல்,
பிறகு பினாயில் நாற்றம்.
பினாயிலை அவ்வளவு ஆசையாக
நான் ஒருநாளும் முகர்ந்ததில்லை.

திரும்பிப் போய் “நெஹெ” என்றேன்.
எழுதிக்கொண்டார்.
அடுத்த கேள்வி வந்தது.

சனிக்கிழமை போத்தலில் பாதிக்கு மேல் இருந்தது.
அலுமாரியில் வைத்தேன்.
எடுத்தேன். பெட்டியில் அந்த 3.
திரும்ப வைத்தேன்.
உப்புத்தண்ணி அவசரம் தெரியாதது,
அடித்தால் ஒழுகும், வேறொன்றும் நடக்காது.
இடப்பக்கம் படுத்தால் வலது மூக்கு கொஞ்சம் இரங்கும்.
கடலோர ரயில் போகும்வரை ஒரு பக்கம்,
போனபின் மறுபக்கம்.

இரவு தங்கச்சி ஸ்கார்பரோவிலிருந்து எடுத்தாள்.
அவனுக்கு வேலை போய்விட்டதாம்,
பிள்ளைகளுக்கு இன்னும் சொல்லவில்லையாம்.
நீளமான கதை.
அதற்கு நான் ம் கொட்ட வேண்டும்.
வாயை மூடி மூக்கால் சொல்லும் எழுத்து அது,
மூக்கும் மூடியிருந்தால் வெறும் வீக்கம்.

“லைன்ல இருக்கிறியா?”
“இருக்கிறேட்.”
அவள் சிரித்தாள். பிறகு அழுதாள்.
பிறகு, நீ படு, பிறகு கதைப்பம் என்று வைத்துவிட்டாள்.

ஞாயிறு விடிய உப்புத்தண்ணி அடித்துச் சிந்தினேன்.
எதுவோ நகர்ந்தது.
கடல் வந்தது, தண்டவாளத்துக் கிரீஸ் வந்தது,
பக்கத்து ஃபிளாட்டில் யாரோ கருக்கிய பாண்.

அங்கே இன்னும் சனி இரவு.
நம்பரை அழுத்தினேன்.
“சொல்லு, எங்கே விட்டாய்?”
சொன்னாள்.
ம்.
ம்.